முந்தாமல் பிந்தாமல்

எங்க தெருவுல கைதட்டல் வந்து குடியேறின கதையைச் சொன்னா எல்லாரும் முதல்ல கேக்குறது அது எங்கருந்து வந்துச்சுங்கிற ஒரே கேள்விதான், எனக்கானா அதைக் கேட்டாலே எரிச்சலா வரும், கொசு எங்கருந்து வந்துச்சு, கரண்டு கட் எங்கருந்து வந்துச்சுன்னு என்னைக்காவது விசாரிச்சோமா, வந்துச்சு, அதோட இருந்து பழகினோம், அவ்வளவுதான். ஆனாலும் சொல்லாம விட்டா இவ எதையோ மறைக்கான்னு பேச்சு வரும், அதனால முதல்லயே சொல்லித் தொலைச்சிருதேன்.

தூத்துக்குடியில துறைமுகத்துக்குப் போற ரோட்டை விட்டு உள்ள திரும்பினா எங்க தெரு, அதுல எதிரெதிரா ரெண்டு வீடியோ கேம் கடை. கிழக்குப் பக்கம் எங்க அக்கா சந்தனமாரி வீட்டுக்காரர் உமையொருபாகம் அத்தானோட கடை, ஒத்தப் பிள்ளை பிரம்மசக்தி பேரைச் சுருக்கி 'சக்தி கேம்ஸ்'னு போர்டு வெச்சிருந்தாரு. மேற்குப் பக்கம் ஜெபஸ்டினோட கடை, பொண்டாட்டி பேருல 'ஸ்டெல்லா கேம்ஸ்'. கப்பல்ல வேலை பாக்குற சொந்தக்காரங்க ரெண்டு பேருக்கும் ஒரே வருஷத்துல ஆளுக்கொரு பாட்டு கேமை வெளிநாட்டுல இருந்து கொண்டாந்து குடுத்தாங்க, தெருவுக்குச் சனியன் பிடிச்சது அன்னைக்குத்தான்.

அத்தான் கடையில இருந்தது கித்தார் ஆட்டம். தந்தியே இல்லாத பிளாஸ்டிக் கித்தார், கழுத்துல அஞ்சு கலர்ல பட்டன், மீட்டுற இடத்துல மேலயும் கீழயும் தட்டுறதுக்கு ஒரு கட்டை. டிவியில பாட்டு ஓடும், கலர் கலரா வட்டம் ரோட்டுல உருண்டு வர்ற மாதிரி இறங்கி வரும், அது கோட்டைத் தொடுற நேரம் அதே கலர் பட்டனை அமுக்கிக்கிட்டுக் கட்டையைத் தட்டணும், சரியாத் தட்டினா டிவிக்குள்ள நிக்குற ஜனம் கைதட்டும், தப்பினா 'ஊ'ன்னு கத்தும். ஜெபஸ்டின் கடையில இருந்தது செட் ஆட்டம், அதுல கித்தாரோட டிரம்ஸும் மைக்கும் சேர்ந்து வந்துச்சு, நாலு ரப்பர் தட்டு, காலுக்கு ஒரு மிதிகட்டை, குடும்பமா வந்து நின்னு அடிக்கலாம், பாடலாம், சண்டை போடலாம்.

எது ஒசத்தின்னு டீக்கடையில நடந்த பேச்சு இருக்கே, எலெக்ஷனுக்குக்கூட அப்படி நடந்ததில்ல. கித்தார் ஆட்டத்துக் கட்டை டிக் டிக்னு சத்தம் போடும், தட்டினது கைக்குத் தெரியும், அதான் நல்லதுன்னு ஒரு கட்சி, செட் ஆட்டத்துக் கட்டை சத்தமே இல்லாம மெத்துனு போய் வரும், அதான் பெரிய இடத்துச் சாமான்னு இன்னொரு கட்சி, டிரம்ஸு தட்டுல குச்சி துள்ளலேன்னு ஒருத்தன், துள்ளினா உனக்குப் பிடிக்கத் தெரியலேன்னு இன்னொருத்தன், மிதிகட்டை உடைஞ்சு உடைஞ்சு ஜெபஸ்டின் அதுக்கு அடியில லாரி டயரை வெட்டி ஒட்டினதை வெச்சு மட்டும் நாள்கணக்கா ஒரு சண்டை, இத்தனைக்கும் நிஜக் கித்தாரை ஒருத்தனும் கண்ணால கண்டது கிடையாது. ஆனா ஒரு விஷயத்துல மட்டும் ரெண்டு கட்சியும் ஒண்ணாச் சொன்னாங்க. கித்தார் ஆட்டத்து ஜனம் தங்கமானது, கொஞ்சம் முந்தினாலும் பிந்தினாலும் போனாப் போகுதுன்னு கைதட்டிரும், செட் ஆட்டத்து ஜனம் கறாரானது, இமைக்கிற நேரம் தவறினாலும் 'ஊ'தான்.

ஒரு சாயங்காலம் கரண்டு போய்த் திரும்பி வந்த கையோட ரெண்டு கடையிலயும் ஒரே நேரத்துல ஒரே பாட்டை ஒரு வட்டம்கூடத் தப்பாம அடிச்சு முடிச்சாங்க, டிவிக்குள்ள ரெண்டு ஜனமும் எந்திரிச்சு நின்னு கைதட்டிச்சு, அத்தான் டிவியை அணைச்சாரு, எதிர்ல ஜெபஸ்டினும் அணைச்சாரு, கைதட்டல் அணையல. வாசல் வழியா இறங்கித் தெருவுல கொஞ்ச நேரம் நின்னுச்சு, பிறகு ஆளாளுக்குப் பின்னால பிரிஞ்சு போயிருச்சு.

யார் கடைசியா எந்தக் கடைக் கித்தாரைத் தொட்டாங்களோ, குச்சியைத் தொட்டாங்களோ, அந்தக் கடை ஜனம் அவங்களுக்குச் சொந்தம், கண்ணுக்குத் தெரியாது, சத்தம் மட்டும் முதுகுக்குப் பின்னால கேட்டுக்கிட்டே இருக்கும். நான் அன்னைக்கு மதியம்தான் அக்காவுக்கு ஒத்தாசையா கித்தாரைத் தூசி தட்டி மாட்டியிருந்தேன், மறுநாள் காலையில இட்லித் தட்டைத் துணியில கவுத்தி ஒரு இட்லிகூட ஒட்டாம எடுத்தேன், அடுப்படி முழுக்கக் கைதட்டலும் விசிலும். கல்யாணம் ஆன நாள்ல இருந்து எங்க வீட்டுக்காரர் ஒரு நாள்கூட நல்லாருக்குன்னு வாயைத் திறந்து சொன்னதில்ல, எனக்குக் கண்ணு கலங்கிப் போச்சு. அவரு உள்ள வந்து என்னளா சத்தம்னு கேட்டாரு, ஒண்ணும் இல்ல, என்னைத்தான் பாராட்டுதாங்கன்னேன், சட்னி எங்கன்னு கேட்டுட்டு உக்காந்துட்டாரு.

ஊரு அதை எப்படி எடுத்துக்கிட்டுதுன்னு நினைக்கீங்க, முதல் வாரம் ஆச்சரியம், ரெண்டாவது வாரம் பொறாமை, அதுக்குப் பிறகு கூட்டம். கைதட்டல் இல்லாதவங்க எல்லாம் வந்து ரெண்டு கடை வாசல்லயும் வரிசையில நின்னு கித்தாரைத் தொட்டுட்டுப் போனாங்க, கைப்பிள்ளையைக் கொண்டாந்து அது கையைப் பிடிச்சு பட்டன்ல வெச்சாங்க, ஆஸ்பத்திரியில கிடந்த ஒருத்தருக்கு ஜெபஸ்டின் டிரம்ஸு குச்சியைத் துணியில சுத்திக் குடுத்து விட்டாரு. மினி பஸ்ஸு கண்டக்டர் படியில கால் வெச்சதும் விசில் ஊதினாக் கைதட்டல், டைலர் காஜா எடுத்தாக் கைதட்டல், எழவு வீட்டுல ஒரு அம்மா ஒப்பாரியில மூச்சு வாங்கின இடம் சரியில்லேன்னு அவ ஜனம் 'ஊ'ன்னு கத்த, அந்தம்மா மூக்கைச் சிந்திட்டு முதல்லருந்து ஆரம்பிச்சா. கவுன்சிலர் மட்டும் ரெண்டு கடைப் பக்கமும் வராம ஒதுங்கிப் போனாரு, அவருக்குக் கைதட்ட ஏற்கனவே ஆள் இருக்குன்னு சொல்லிக்கிட்டாங்க.

ஓசியில கிடைச்சா எதுக்கு மதிப்பு. கித்தார் ஜனம் எல்லாத்துக்கும் கைதட்டுது, ரசத்துக்கும் தட்டுது, ரசம் பொங்கி அடுப்பு அணைஞ்சாலும் தட்டுது, அதனால கொஞ்ச நாள்ல அந்தக் கைதட்டல் வெறும் மழைச் சத்தம் மாதிரி ஆகிப்போச்சு, என் இட்லிக்கு நானே திரும்பிப் பாக்குறத விட்டுட்டேன். செட் ஜனம் கைதட்டினாத்தான் கைதட்டல்னு ஆச்சு. வசதியானவங்க எல்லாம் மேற்குப் பக்கம் போய்க் குச்சியைத் தொட்டாங்க, தொட்டுட்டு நாள் முழுக்க 'ஊ' வாங்கிக்கிட்டுத் திரிஞ்சாங்க, ஆனா அதையும் பெருமையாச் சொன்னாங்க, எங்களுக்குப் பின்னால வர்றது சாமானியப்பட்ட கூட்டம் இல்லன்னு. பொண்ணு மாப்பிள்ளை பாக்குறவங்க ஜாதகம், படிப்பு, வேலை எல்லாம் கேட்டு முடிச்சிட்டு, பையனுக்கு எந்தக் கூட்டம்னு மெல்ல ஒரு கேள்வி போட ஆரம்பிச்சாங்க.

அதை விடப் பெரிய கூத்து, சாமி சத்தியமாக் கண்ணுக்குத் தெரியாத ஜனம் பொய் சொல்லாதுன்னு ஊரே முடிவு கட்டிருச்சு. கைதட்டினா அவன் யோக்கியன், 'ஊ'ன்னா உள்ள ஏதோ இருக்கு. பஞ்சாயத்துல சாட்சி சொல்றவனைப் பின்னால வர்ற சத்தத்தை வெச்சு நம்பினாங்க. இதைக் கேட்டுச் சிரிச்ச ஒரே ஆளு பிரம்மசக்திதான். பி.காம் முடிச்சிட்டு அப்பா கடையைப் பாத்துக்கிட்டு இருந்த பிள்ளை அவ, டிவி மாத்தும்போதெல்லாம் பாட்டுக்கும் வட்டத்துக்கும் நேரம் ஒத்துப் போகுதான்னு கித்தாரைத் தட்டித் தட்டிச் சரி பண்ணி வெக்கிறது அவ வேலை.

"சித்தி, அதுக்கு நல்லது கெட்டது தெரியாது, நேரம் மட்டும்தான் தெரியும்," அப்படின்னா. "கேட்ட உடனே டக்குனு பொய் சொன்னாக் கைதட்டும். யோசிச்சு உண்மையைச் சொன்னா 'ஊ'ன்னு கத்தும்."

இதை அவ அப்பாகிட்டயும் சொன்னா, கடைக்கு வர்றவங்ககிட்டயும் சொன்னா, எல்லாரும் சரிதாம்மான்னுட்டுப் போய்க் குச்சியைத் தொட்டாங்க. எங்க அக்காகிட்டச் சொன்னதுக்கு, நீ கித்தார் கூட்டத்துக்காரி, செட் கூட்டத்தைப் பத்தி உனக்கு என்ன தெரியும்னு கேட்டா.

அக்காவுக்கு அந்த வருஷம் தலைபோற காரியம் மகளுக்கு மாப்பிள்ளை முடிக்கிறது. முதல்ல வந்த பையன் பேரு பொன்னிலிங்கம், உப்புக் கம்பெனி ஆபீஸ்ல வேலை, வர்ற வழியில செட் ஆட்டக் குச்சியைத் தொட்டுட்டுத்தான் வந்திருந்தான். காபி குடுத்து, சொஜ்ஜி குடுத்து, பொண்ணு வந்து நின்னு, பெரியவங்க வழக்கம்போலப் பொண்ணைப் பிடிச்சிருக்கான்னு கேட்டாங்க. அந்தப் பையன் தலையை நிமிர்த்தி சக்தியை ஒரு தடவை பாத்தான், கையில இருந்த டம்ளரைக் கீழ வெச்சான், அவங்ககிட்டயும் கேட்டீங்களான்னு சொல்ல வாயெடுத்தான், அதுக்குள்ள அவன் முதுகுக்குப் பின்னால வீடே அதிர 'ஊ'ன்னு ஒரு சத்தம். அவன் அம்மாவே முந்தானையால முகத்தை மூடிக்கிட்டா. அக்கா வாசல்வரை போய் வழியனுப்பிட்டு வந்து கதவைச் சாத்திட்டு, கூட்டம் காப்பாத்திக் குடுத்துதுன்னு சாமி படத்துக்கு முன்னால விழுந்து கும்பிட்டா. சக்தி அன்னைக்குச் சாப்பிடல. கேட்டதைக் காதுல வாங்கி, நின்னு, யோசிச்சுப் பதில் சொல்ற ஒரு மனுஷன் வேணும், அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒண்ணுதான், அதை என்கிட்ட வாயைத் திறந்தே சொன்னா.

ரெண்டாவது வந்தவன் கதிர்வேல்ராஜன். சென்னையில போன் கம்பெனியில ஆளுங்களுக்குப் பேசக் கத்துக் குடுக்குற வேலை. அவனும் வர்ற வழியில குச்சியைத் தொட்டுட்டு வந்த செட் கூட்டம். அவன்கிட்ட எங்க ஆளுங்க கேக்காத கேள்வி இல்ல, ஒவ்வொரு கேள்வியும் முடியுற இடத்துல அவன் பதில் ஆரம்பிச்சுது, முந்தல, பிந்தல. குடிப்பீங்களா, இல்லை, கைதட்டல். பொண்ணைப் பிடிச்சிருக்கா, ரொம்பப் பிடிச்சிருக்கு, கைதட்டல். கல்யாணத்துக்குப் பிறகு பிள்ளை கடையைப் பாத்துக்கலாமான்னு அத்தான் கேட்டாரு, தாராளமா, கைதட்டல். வேலைக்குப் போறதெல்லாம் எங்க வீட்டுப் பழக்கம் இல்லையேன்னு அவன் அம்மா குறுக்க விழுந்தா, ஆமா, பழக்கம் இல்லை, அதுக்கும் கைதட்டல். அந்தக் கறார் ஜனம் ஒருத்தனுக்கு இப்படித் தட்டி எங்க தெரு கேட்டதே இல்ல, ஜன்னல்ல அண்டை வீட்டு ஆளுங்க தலையா முளைச்சுது, அக்கா அழுதுட்டா.

சக்திகிட்டக் கேட்டாங்க. அவ யோசிச்சா. யோசிச்சு, எனக்கு வேண்டாம்னா. அவளுக்குப் பின்னால வர்ற கித்தார் ஜனம், ரசம் பொங்கினதுக்குக் கைதட்டின ஜனம், அதுகூடப் பொறுக்க முடியாம 'ஊ'ன்னுச்சு. பாத்தியாட்டி, உன் கூட்டமே சொல்லுது, உனக்குள்ளயே வேண்டாங்கிறது இல்லன்னு அக்கா சொல்லி, பாக்கு வெத்தலை மாத்திட்டாங்க. பிள்ளை வேண்டாம்னு சொல்லுதேன்னு எடுத்துச் சொல்ல நான் வாயைத் திறந்தேன், எனக்குப் பின்னாலயும் 'ஊ'ன்னுச்சு, எவன் கேப்பான்.

கல்யாணம் பக்கத்துத் தெரு மண்டபத்துல. முகூர்த்தம் ஆறுல இருந்து ஏழரைக்குள்ளன்னு ஜோசியர் குறிச்சுக் குடுத்திருந்தாரு, ஜெபஸ்டின் பத்திரிகையைப் பாத்துட்டு, எங்க ஆட்டத்துல இமைக்கிற நேரம், உங்க சாமி ஒண்ணரை மணி நேரம் குடுக்காரே, கித்தார் ஆட்டத்தை விடத் தாராளமா இருக்கேன்னு அத்தான்கிட்டச் சொன்னாரு. அத்தானுக்குச் சிரிப்பு வரல. தாலி கட்டுற நேரம் மாப்பிள்ளை கை ஒரு பொட்டு நடுங்கி முடிச்சு லேசாப் பிந்தினாலும் செட் ஜனம் 'ஊ'ன்னுருமே, தாலி ஏறும்போது அந்தச் சத்தம் பொண்ணு காதுல விழுந்தா என்ன ஆகுறதுங்கிற பயத்துல, ஆழ்வார்திருநகரியில இருந்து பெரிய மேள செட்டா வரவழைச்சிருந்தாரு. ஐயர் கையைத் தூக்கினதும் கெட்டிமேளம் கொட்டுறதே எதுக்கு, தும்மல், அழுகை, வேண்டாத பேச்சு எதுவும் அந்த நேரம் காதுல விழாம அமுக்கத்தானே. வேண்டாத சத்தம் எது கேட்டாலும், ஐயர் சொல்லணும்னு பாக்காம கொட்டிருங்கன்னு தவில்காரர் சங்கரபாண்டியன்கிட்ட மறுபடி மறுபடி சொல்லி வெச்சிருந்தாரு. அவரும், நம்ம தொழிலே அதானே அண்ணாச்சின்னுட்டுத் தவில் வாரை இழுத்துக் கட்டினாரு.

தாலித் தட்டு சபையெல்லாம் சுத்தி வந்துச்சு, எல்லார் கையிலயும் அட்சதை. ஐயர் தாலியை எடுத்து மாப்பிள்ளை கையில குடுத்து, மேளக்காரங்களைத் திரும்பிப் பாத்துக் கையைத் தூக்கப் போனாரு. சக்தி அவர் கையைப் பிடிச்சு இறக்கினா.

"ஒரு நிமிஷம் சாமி," அப்படின்னா. பிறகு பக்கத்துல திரும்பினா. "என்னைக் கட்டிக்க உங்களுக்கு சம்மதமா?"

"சம்மதம்," அப்படின்னான் கதிர்வேல்ராஜன். கைதட்டல் மண்டபத்துக் கூரை ஷீட்டைத் தூக்குற மாதிரி வந்துச்சு. அக்கா பெருமையா என்னைத் திரும்பிப் பாத்தா.

"எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம், எந்திரிச்சுப் போறேன். அதுக்கும் சம்மதமா?"

"சம்மதம்."

முந்தல, பிந்தல. செட் ஜனம் முன்னால தட்டினதை விட ஒரு மடங்கு கூடவே தட்டிச்சு, விசில் அடிச்சுது, காலால தரையைத் தட்டிச்சு, கல்யாணத்துக்கு வந்த நாங்க அத்தனை பேரும் கையில அட்சதையை வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தோம், அந்தக் கைதட்டல் ஓய்ஞ்சு முடியுறவரைக்கும் யாருக்கும் என்ன செய்யன்னு தெரியல. அந்தப் பையன் மூஞ்சியில அப்பத்தான் யோசனைன்னு ஒண்ணு வந்து உக்காந்துது, தாலியைப் பாத்தான், அவளைப் பாத்தான், இல்ல, நான் என்ன சொன்னேன்னான்னு தடுமாறினான், உடனே அவனோட ஜனமே அவனைப் பாத்து 'ஊ'ன்னுச்சு. பாவமா இருந்துச்சு. இப்படித் தடுமாறி அன்னைக்கே ஒரு வார்த்தை பேசியிருந்தீங்கன்னா நல்லாருந்திருக்கும்னு சக்தி மெதுவாச் சொல்லிட்டு, மாலையைக் கழத்தி வெச்சுட்டு எந்திரிச்சா.

அவன் அம்மா எந்திரிச்சுப் போட்ட சத்தத்தை நான் இங்க சொல்லப் போறதில்ல. அத்தான் தூணைப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு. அக்கா மட்டும் மணமேடைக்கு ஏறி வந்து, மகளோட ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு, ஏட்டி, எந்திரிச்சுப் போய் என்னட்டி செய்யப் போற, இனிமே யாருட்டி வருவா, பதில் சொல்லிட்டுப் போன்னு கேட்டா. பொன்னிலிங்கத்துக்கு ஏரல் ஊருல பொண்ணு எடுத்து மாசம் ஆகிருச்சுன்னு அம்மாவுக்கும் மகளுக்கும் தெரியும், எவனும் வந்து வாசல்ல காத்துக்கிட்டு நிக்கல. சக்தி அம்மாவைப் பாத்தா. பொய் சொல்றதுன்னா அந்த நேரத்துக்கு ஆயிரம் சொல்லலாம், கடையைப் பாத்துக்குவேம்மா, நல்ல இடமா வரும்மான்னு டக்குனு எதையாவது சொல்லியிருந்தா அவ ஜனம் கைதட்டிக் கூட்டிட்டுப் போயிருக்கும். அவ நின்னா. யோசிச்சா. கண்ணுல தண்ணி கட்டி நிக்க, அம்மா கையை விடாம, வாயைத் திறந்து மூடி, மறுபடி யோசிச்சுக்கிட்டே நின்னா.

"தெரியலம்மா," அப்படின்னா.

அந்த 'ஊ' இருக்கே, அப்படி ஒரு சத்தத்தை எங்க ஊரு அதுவரைக்கும் கேட்டதில்ல. கித்தார் ஜனம், செட் ஜனம், அங்க வந்திருந்த அத்தனை பேருக்குப் பின்னால நின்ன அத்தனை ஜனமும் சேர்ந்து ஒரே குரல்ல ஊளை போட்டுச்சு, கைப்பிள்ளை எல்லாம் வீல்னு அழுதுச்சு, அக்கா காதைப் பொத்திக்கிட்டா. சக்தி கன்னத்தைத் துடைச்சுக்கிட்டு, சேலையைத் தூக்கிப் பிடிச்சு, மணமேடையை விட்டு ஒத்தையா இறங்கினா.

சங்கரபாண்டியனைக் குத்தம் சொல்ல முடியாது, பொண்ணு காதுல வேண்டாத சத்தம் விழுது, அவர் கை பாத்துக்கிட்டு இருக்குமா, குச்சியை ஓங்கிப் போட்டாரு ஒரு போடு, கூட இருந்த ரெண்டாவது தவிலும் சேர்ந்துக்கிட்டுது, நாயனக்காரர் மூச்சை இழுத்து ஊதினாரு, கெட்டிமேளம் அந்த ஊளையைத் தூக்கி விழுங்கிட்டு மண்டபம் முழுக்க நின்னுச்சு. கெட்டிமேளம் கேட்டா நம்ம ஆளுங்க கை சும்மா இருக்குமா, முன் வரிசையில யாரோ ஒருத்தர் அட்சதையை வீசினாரு, பிறகு அடுத்த வரிசை, பிறகு பின்னால காபிக்கு நின்னவங்க, சாப்பாட்டுப் பந்தியில இருந்து எந்திரிச்சு வந்தவங்க, அந்த ஒத்தைப் பொண்ணு நடந்து போற வழி நெடுக எல்லாரும் எழுந்து நின்னு தலையில அரிசியும் பூவும் போட்டாங்க. அக்கா காதுல இருந்து கையை எடுத்தா, உள்ளங்கையில வேர்வையோட ஒட்டிக் கிடந்த அட்சதையைப் பாத்தா, ரொம்ப நேரம் யோசிச்சா, மக வாசலைத் தாண்டுறதுக்கு முன்னால ஓடிப் போய் அவ உச்சியில போட்டா.